தகரக் கூரைக்குள் எதிரொலிக்கும் அலைகள்: பனியன் கம்பெனி ஷெட்டில் ஆண்டெனாப் பன்மையும் சமனாக்கமும்

முன்னுரை

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கிறது நல்லூர். 2011இல் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வீடுகளுக்கு நடுவே பனியன் கம்பெனி ஷெட்டுகள் தெரியும். இரும்புத் தூண், இரும்புச் சட்டம், மேலே தகரக் கூரை. உள்ளே ஒரு முனையில் கட்டிங், நடுவில் பவர் டேபிள் வரிசைகள், மறுமுனையில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். சூப்பர்வைசர் நோட்டில் பென்சிலால் எழுதிய உற்பத்திக் கணக்கு பல கம்பெனிகளில் இப்போது டேப்லெட்டுக்கும் பார்கோடு ஸ்கேனருக்கும் போய்விட்டது. ஒரு பண்டில் எந்த டேபிளில் நிற்கிறது, ஓவர்லாக் முடிந்ததா, ஃப்ளாட்லாக் முடிந்ததா என்பதை ஆபீஸ் அறையில் உட்கார்ந்தே பார்க்கலாம். வைஃபை வேலை செய்தால் பார்க்கலாம்.

"ஏனுங்க, அந்தக் கடைசி டேபிள்ல நெட்டே நிக்க மாட்டேங்குதுங்க." இந்தப் புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம் இன்னும் பெரிய ரூட்டர், இன்னும் நீளமான ஆண்டெனா. சில நாள் சரியாக இருக்கும். பிறகு வேறொரு டேபிளில் அதே புகார் கிளம்பும்.

பல வழிகளில் வந்து மோதும் ரேடியோ அலை எப்படி நடந்துகொள்கிறது, அதைச் சீராக்க என்ன வழி என்பதை ஏறத்தாழ நூறாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி இரண்டு பெரிய கிளைகளாக வளர்ந்தது. ஒரே சிக்னலை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டெனாக்களால் வாங்குவது ஒரு கிளை. இதை ஆண்டெனாப் பன்மை எனலாம், தொழிலில் இருப்பவர்கள் டைவர்சிட்டி என்பார்கள். வந்து சேர்ந்த சிக்னலில் எதிரொலி செய்த கோணலைக் கணக்குப் போட்டு நிமிர்த்துவது இன்னொரு கிளை. இது சமனாக்கம், அதாவது ஈக்குவலைசர் செய்யும் வேலை. இரண்டும் என்ன தருகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன, ஒரு தகர ஷெட்டுக்கு இவற்றில் எது தேவை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறைவு அல்ல, மிகுதி

தகரம் ரேடியோ அலைக்குக் கண்ணாடி மாதிரி. அதில் பட்ட அலை ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும். ரூட்டரிலிருந்து கிளம்பும் அலை நேராக ஒரு வழியில் டேப்லெட்டுக்கு வருகிறது. கூரையில் பட்டு ஒரு வழி, இரும்புத் தூணில் பட்டு ஒரு வழி, அயர்னிங் பகுதியின் பாய்லரில் பட்டு இன்னொரு வழி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆகவே ஷெட்டுக்குள் பெரும்பாலும் அலைக்குப் பஞ்சமில்லை. அலைகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் நோய்.

அந்த மோதல் இரண்டு விதமாகத் துன்பம் தரும். முதலாவது குழி. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். சம வலுவுள்ள இரண்டு பிரதிகள் வந்த பாதையின் வித்தியாசம் அதில் பாதியாக, அதாவது ஆறேகால் சென்டிமீட்டராக அமைந்தால், ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிந்துபோகும். அந்த ஒரு புள்ளியில் சிக்னல் இருக்காது. நான்கு விரற்கடை தள்ளினால் தாராளமாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மங்கல் என்பார்கள்.

இரண்டாவது தாமதம். அலை ஒரு மீட்டர் கடக்க மூன்றேகால் நானோவினாடிக்குக் கொஞ்சம் அதிகமாகிறது. சுற்றி வந்த பிரதி முப்பது மீட்டர் கூடுதலாக அலைந்திருந்தால் 100 நானோவினாடி பிந்தி வரும். 1999இல் வந்த 11 மெகாபிட் வைஃபையில் சிப் எனப்படும் ஒரு சிக்னல் துணுக்கின் ஆயுள் 91 நானோவினாடிதான். அதற்குள் அடுத்த துணுக்கு கிளம்பிவிடும். முந்தையதன் எதிரொலி அதன்மேல் வந்து விழும். பெரிய மண்டபத்தில் மைக்கில் வேகமாகப் பேசுபவரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புவது போல.

தொழிற்சாலைகளை நேரில் அளந்து பார்த்த பழைய ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். 1980களின் இறுதியில் தியோடர் ராப்பபோர்ட் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஐந்து தொழிற்சாலைக் கட்டடங்களுக்குள் 1.3 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி அளந்தார். 1989இல் வெளியான அந்த முடிவுகளின்படி எதிரொலிகளின் சராசரிச் சிதறல், அதாவது தாமதப் பரவல், 30 முதல் 300 நானோவினாடி வரை இருந்தது. 1987இல் சாலேயும் வாலன்சுவேலாவும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கண்ட உச்சம் ஏறக்குறைய 50 நானோவினாடி. ஆபீஸ் அறைக்கென்று வடிவமைத்த கருவி இரும்புக் கட்டடத்தில் திணறுவதன் காரணம் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலேயே இருக்கிறது.

குழி, தாமதம் என்ற இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குப் பன்மை, இரண்டாவதற்குச் சமனாக்கம். இரண்டுக்குமே ரூட்டரின் சத்தத்தை, அதாவது அது அனுப்பும் சக்தியை, கூட்டுவது சரியான மருந்தல்ல. சத்தம் கூடினால் எதிரொலியும் அதே அளவில் கூடும். மேலும், ரூட்டர் எவ்வளவு கத்தினாலும் டேப்லெட்டின் சின்னக் குரல் பெரிதாகாது. பேச்சு இருவழி.

இரண்டாவது காது

பன்மையின் கதை சிற்றலை வானொலி காலத்தில் தொடங்குகிறது. கண்டம் விட்டுக் கண்டம் வரும் தந்திச் சிக்னல் வானத்தின் மேலடுக்கில் பட்டு வருவதால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெவரேஜும் பீட்டர்சனும் ஒன்றுக்கொன்று தள்ளி ஆண்டெனாக்களை நட்டு, ஒன்றில் மங்கும்போது மற்றொன்றில் கேட்டார்கள். அதை 1931இல் எழுதி வெளியிட்டார்கள். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் குழி விழுவது அரிது என்ற ஒரே எண்ணம்தான் அதன் அடிப்படை. பிறகு வந்த அத்தனையும் அந்த எண்ணத்தின் விரிவே.

கணக்கு எளிது. ரூட்டரை நேராகப் பார்க்க முடியாத, எதிரொலி மட்டுமே வரும் ஷெட்டில் நூறு டேபிள் இருப்பதாக வையுங்கள். ஒற்றை ஆண்டெனா என்றால், நிகழ்தகவுக் கணக்குப்படி ஒன்பது பத்து டேபிள்களில் சிக்னல் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். தனித்தனியாக மங்கும் இரண்டு ஆண்டெனாக்கள் இருந்தால் அந்த நிலை ஒரு டேபிளுக்குத்தான். நான்கு என்றால் பன்னிரண்டாயிரம் டேபிளுக்கு ஒன்று. ஆண்டெனாவைக் கூட்டக் கூட்டக் குழி பெருக்கல் கணக்கில் குறைகிறது. ரூட்டரின் சக்தியை மட்டும் கூட்டி இரண்டு ஆண்டெனாவின் பலனைப் பெற வேண்டுமென்றாலே பத்து மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். சட்டமும் அதற்கு இடம் தராது. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாமென்று இந்திய அரசு விலக்களித்தபோதே, ஆண்டெனாவின் வலுவையும் சேர்த்து 4 வாட் என்ற உச்ச வரம்பையும் வைத்துவிட்டது.

வாங்கிய இரண்டு சிக்னலையும் என்ன செய்வது? 1959இல் பிரென்னன் எழுதிய கட்டுரை இன்றும் பாடநூல்களின் அடித்தளம். வழிகள் மூன்று. வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்வது முதல் வழி. மலிவானது, ஒரே ரேடியோ இருந்தாலும் ஆண்டெனாவை மாற்றி மாற்றிக் கேட்டு ஓரளவு சாதிக்கலாம். இரண்டையும் ஒத்திசைத்துச் சமமாகக் கூட்டுவது இரண்டாவது. எது தெளிவாக இருக்கிறதோ அதற்கு அதிக எடை, மங்கியதற்குக் குறைந்த எடை என்று நிறுத்துக் கூட்டுவது மூன்றாவது. இதுவே மூன்றிலும் சிறந்தது. இரண்டு ஆண்டெனாவுக்குச் சராசரி லாபம் முதல் வழியில் ஒன்றரை மடங்கு, இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு, மூன்றாவதில் இரண்டு மடங்கு. இந்தச் சராசரியைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைத்துவிடக் கூடாது. பன்மையின் மதிப்பு மிக மோசமான டேபிளில் இருக்கிறது. நூற்றில் ஒரு தடவைக்கு மேல் தொடர்பு தவறக் கூடாது என்று நிபந்தனை வைத்தால், இரண்டாவது ஆண்டெனா பத்து மடங்கு சக்திக்குச் சமம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோரின் குழு மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. அதற்கு அடிப்படை டெக்ட் என்ற ஐரோப்பியத் தரம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்று பிறந்த அந்தத் தரத்தில் வேகம் நொடிக்கு 1.152 மெகாபிட். ஒரு பிட்டின் ஆயுள் 870 நானோவினாடிக்குச் சற்றே குறைவு. சாதாரண அறையின் எதிரொலி அதைக் கலைத்துவிடாது. ஆகவே செலவு பிடிக்கும் சமனாக்கியை விட்டுவிட்டு, நிலையத்தில் இரண்டு ஆண்டெனா வைத்து மாற்றிக் கேட்பதிலேயே வண்டி ஓடியது. வேகம் குறைவாக இருந்தால் பன்மை ஒன்றே போதும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பன்மைக்கும் நிபந்தனை உண்டு. இரண்டு ஆண்டெனாவும் வெவ்வேறு விதமாக மங்க வேண்டும். நாலா பக்கமும் எதிரொலி வரும் உள்ளறையில் அதற்கு அரை அலைநீளம், அதாவது ஆறு சென்டிமீட்டர் இடைவெளி போதும். இடமில்லை என்றால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைப் படுக்கவைத்தும் அதே பலனைப் பெருமளவு பெறலாம். ரூட்டரின் இரண்டு கொம்புகளையும் ஒட்டிவைத்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது காதை நாமே அடைத்துக்கொண்டதாகும்.

எதிரொலியைக் கழித்தல்

சமனாக்கத்தின் பிறப்பிடம் தொலைபேசிக் கம்பி. கம்பி வழியே தரவு அனுப்பும்போது ஒரு துடிப்பு அடுத்ததன்மேல் வழிவதைச் சரிசெய்ய, 1965இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் லக்கி தானாகவே தன்னைத் திருத்திக்கொள்ளும் சமனாக்கியை முன்வைத்தார். ரேடியோவுக்கும் அது வந்தது. ஜி.எஸ்.எம். கைபேசி ஒவ்வொன்றிலும் ஒரு சமனாக்கி இருந்தது. மலையிலும் கட்டடத்திலும் பட்டுப் பிந்தி வரும் எதிரொலிகளை அது கணக்கில் எடுத்து நிமிர்த்தியது.

வேலை செய்யும் முறையைச் செக்கிங் பகுதியோடு ஒப்பிடலாம். அங்கே அப்ரூவ்டு சாம்பிள் ஒன்று இருக்கும். வந்த பீஸை அதன் பக்கத்தில் வைத்து எங்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வைஃபையிலும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் இரு தரப்புக்கும் முன்பே தெரிந்த ஒரு மாதிரி வருகிறது. அது எப்படி வந்திருக்க வேண்டும் என்பது வாங்கும் கருவிக்குத் தெரியும். எப்படி வந்திருக்கிறது என்பதையும் பார்க்கிறது. வித்தியாசமே அந்த ஷெட்டின் கைவரிசை. அதைத் தலைகீழாக்கிப் பின்னால் வரும் தரவின்மேல் போட்டால் கோணல் நிமிர்ந்துவிடும்.

சமனாக்கிகளில் பல வகை. கோணலை அப்படியே தலைகீழாக்குவது நேரியல் சமனாக்கி. ஏற்கெனவே முடிவுசெய்த பிட்டுகளின் எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிடுவது பின்னூட்டச் சமனாக்கி. இதில் பலன் அதிகம், ஆனால் ஒரு முடிவு தப்பினால் அந்தத் தப்பு அடுத்தடுத்த முடிவுகளுக்கும் பரவும். சாத்தியமான எல்லா வரிசைகளையும் ஒப்பிட்டு மிகப் பொருத்தமானதைத் தேர்வது மூன்றாவது. 1972இல் ஃபோர்னி, விட்டர்பியின் வழிமுறையைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். துல்லியத்தில் இதுவே உச்சம். ஆனால் எதிரொலி நீள நீளக் கணக்கு மடங்கு மடங்காகப் பெருகும்; மலிவான கருவிக்குக் கட்டுப்படியாகாது.

கட்டடத்துக்குள் வேகத்தைக் கூட்ட முயன்றபோது இந்தச் செலவு முட்டுக்கட்டையாக நின்றது. 1996இல் ஐரோப்பா வகுத்த ஹைப்பர்லேன் முதல் தரம் நொடிக்கு 23.5 மெகாபிட் வேகத்தைச் சமனாக்கியை நம்பியே கேட்டது. அது சந்தையில் நிலைக்கவில்லை. நிலைத்தது வேறொரு வழி: ஒரே வேகமான ஓடைக்குப் பதில் பல மெதுவான ஓடைகள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் வானொலி வானியல் பின்புலம் கொண்ட ஜான் ஓசல்லிவனின் குழு கட்டட எதிரொலியைக் குறிவைத்தே இவ்வழியில் ஆராய்ந்தது. 1996இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1999இன் 802.11ஏ என்ற வைஃபை தரம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 52 சிறு ஓடைகளாகப் பிரித்துப் பயன்படுத்தியது. ஒவ்வொரு ஓடையிலும் ஒரு குறியின், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின், ஆயுள் 4 மைக்ரோவினாடி. அதில் முதல் 0.8 மைக்ரோவினாடி எதிரொலி அடங்குவதற்கென்று ஒதுக்கிய காவல் இடைவெளி. 240 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த பிரதியும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இதனால் சமனாக்கி ஒழிந்துவிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அது ஒழியவில்லை, இளைத்தது. பெரிய கணக்குக்குப் பதில் ஒவ்வொரு சிற்றோடைக்கும் ஒரே ஒரு பெருக்கல். இன்று நம் கையில் இருக்கும் எல்லா வைஃபை கருவியும் இந்த இளைத்த சமனாக்கியைத்தான் சுமக்கிறது.

ஸ்டெண்டரும் ஓட்டையும்

இனி இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். சாயத்துக்குப் போய் வந்த துணி சுருங்கியிருந்தால் ஸ்டெண்டர் என்ற இயந்திரத்தில் பூட்டி இழுத்து அகலத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் துணியில் ஓட்டை இருந்தால்? இழுக்க இழுக்க ஓட்டைதான் பெரிதாகும். சமனாக்கியின் எல்லை இதுவே. ஒரு சிற்றோடை சற்று மங்கியிருந்தால் பெருக்கி நிமிர்த்தலாம். முற்றிலும் குழியில் விழுந்திருந்தால் அங்கே பெருக்குவதற்கு மிச்சமிருப்பது இரைச்சல் மட்டுமே.

ஷெட்டில் இது அடிக்கடி நடக்கும். தாமதப் பரவல் 100 நானோவினாடி என்றால், ஒரே சீராக மங்கும் அலைவரிசைத் துண்டின் அகலம் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ்தான். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள் அங்கங்கே ஓட்டைகள் விழுந்திருக்கும். இரண்டாவது ஆண்டெனாவில் வாங்கிய துணியிலும் ஓட்டை இருக்கும். ஆனால் வேறு இடத்தில். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்றின் நல்ல இடம் மூடிவிடும். அதன்பின் சமனாக்கிக்கு மிஞ்சுவது சுருக்கம் எடுக்கும் வேலை மட்டுமே. பன்மை சமனாக்கியின் சுமையைக் குறைக்கிறது. சமனாக்கி பன்மைக்குக் கைவராத தாமதத்தைத் தீர்க்கிறது. பெல் ஆய்வகத்தின் பாலபானும் சால்ட்ஸும் 1991லும் 1992லும் வெளியிட்ட ஆய்வுகள், இரண்டையும் தனித்தனியே அல்லாமல் ஒன்றாக வடிவமைத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டு இதை உறுதிசெய்தன.

அதே காலத்தில் இன்னொருவர் ஒரு படி மேலே போனார். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். நல்லூரிலிருந்து பல்லடம் வழியாகப் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் ஊர். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, 1971 போருக்குப் பிறகு அப்சோ என்ற சோனாரை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். கடலுக்கடியில் ஒலி மேற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டுப் பட்டு எதிரொலித்து வரும். பல உணர்விகளை வரிசையாக வைத்து, கலங்கிய ஒலியிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பதே சோனார்க்காரரின் வேலை. ஓய்வுக்குப் பின் ஸ்டான்ஃபோர்டில், ஒரே அலைவரிசையில் கலந்து வரும் சிக்னல்களைப் பிரிக்கும் சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, சிதறல் கூடக் கூடப் பிரிப்பது எளிதாவதை அவர் கவனித்தார். ஒழிக்க வேண்டியது என்று எல்லோரும் கருதிய எதிரொலியே பல ஓடைகளைத் தனித்தனியாக அடையாளம் காட்டும் முத்திரையாகிறது. தாமஸ் கைலாத்துடன் 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. மைமோ என்று இன்று அழைக்கப்படும் பல்லாண்டெனாத் தொழில்நுட்பத்தின் தொடக்கங்களில் அது ஒன்று. 2014இல் அவருக்கு மார்கோனி பரிசு வழங்கப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் துறை வேகம் பிடித்தது. 1996இல் ஃபோஷினி பல ஓடைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் அமைப்பை வரைந்தார். 1998இல் அலமூட்டி, வாங்கும் பக்கத்தில் ஒரே ஆண்டெனா இருந்தாலும் அனுப்பும் பக்கத்தின் இரண்டு ஆண்டெனாவைக் கொண்டே பன்மையைப் பெறும் எளிய குறியீட்டைத் தந்தார். மலிவான ஸ்கேனருக்கு இதுவே கைகொடுப்பது. 2009இல் 802.11என் தரம் வந்தபோது இவை எல்லாம் ரூட்டர் பெட்டிக்குள் நுழைந்துவிட்டன.

ஆனால் இரண்டு ஆண்டெனாவை வேகத்துக்கும் பயன்படுத்தலாம், உறுதிக்கும் பயன்படுத்தலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. இதைக் கணிதமாக நிறுவியது 2003இல் ஷெங்கும் ட்சேயும் எழுதிய கட்டுரை. பனியன் கம்பெனிக்காரர் இந்தத் துறையில் ஒரே ஒரு முடிவை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால், அது இதுதான்.

பெட்டியின் மேல் 300

கடையில் விற்கும் சாதாரண ரூட்டர் பெட்டியை எடுத்துப் பார்த்தால் 300 என்ற எண் பெரிதாக இருக்கும். நொடிக்கு 300 மெகாபிட். இந்த எண் எப்படி வருகிறது? 802.11என் தரத்தில் மூன்று சலுகைகளை ஒருசேர எடுத்துக்கொண்டால்தான் வரும். ஒன்று, இரண்டு ஆண்டெனாவும் வெவ்வேறு ஓடையைச் சுமக்க வேண்டும். இரண்டு, சேனல் அகலம் 20க்குப் பதில் 40 மெகாஹெர்ட்ஸ். மூன்று, காவல் இடைவெளி 0.8க்குப் பதில் 0.4 மைக்ரோவினாடி.

தகர ஷெட்டுக்கு மூன்றும் ஆகாது. ஆண்டெனாவை வேகத்துக்குக் கொடுத்தால் உறுதி போய்விடும். அகலத்தை இரட்டித்தால் ஓட்டையும் அதிகம், 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்துக் கம்பெனியின் ரூட்டரோடு சண்டையும் அதிகம். காவல் இடைவெளி, தாமதப் பரவலைப்போல இரண்டு முதல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது துறையின் கைக்கணக்கு. 300 நானோவினாடி வரை பரவல் போகக்கூடிய இரும்புக் கட்டடத்தில் 800 நானோவினாடியே மட்டுமட்டு. அதை 400 ஆக்கினால் எதிரொலி அடுத்த குறிக்குள் வழியும். இளைத்த சமனாக்கியால் அதைப் பிடிக்க முடியாது.

மூன்றையும் விட்டுவிட்டால் 300 என்பது 65 ஆகும். ஒரு பண்டிலை ஸ்கேன் செய்து அனுப்பும் தரவு சில நூறு எழுத்துகளுக்கு மேல் போகாது. 65இல் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே தாராளம். தேவை வேகமல்ல, அழுத்திய ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர வேண்டும்.

நான்கு விரற்கடைச் சோதனை

வைத்தியத்துக்கு முன் நோயைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு மீட்டர் வேண்டாம், டேப்லெட்டே போதும். தொடர்பு அறுந்த டேபிளில் டேப்லெட்டை நான்கு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். உடனே உயிர் வந்தால் அது மங்கல் குழி, மருந்து பன்மை. பத்துப் பதினைந்து அடி நடந்த பிறகே வந்தால் அது நிழல். இடையில் நிற்கும் இரும்பு பீரோவோ, கோடவுன் சுவரோ, ஈரத் துணிக் குவியலோ மறைக்கிறது. காய்ந்த பருத்தி அலையை அதிகம் தடுக்காது, தண்ணீர்தான் விழுங்கும். இதற்கு மருந்து ரூட்டரின் இடத்தை மாற்றுவது, அல்லது இன்னொன்று வைப்பது. சிக்னல் கோடுகள் முழுதாக நின்றும் வேலை இழுத்தால், பெரும்பாலும் அது சேனல் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பன்மையோ சமனாக்கமோ இதைத் தீர்க்காது; 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே வழி.

கையில் இருக்கும் போனைவிட டேபிளில் திருகி வைத்த டேப்லெட்டுக்குக் குழி கொடியது என்பதையும் கவனிக்க வேண்டும். போனை வைத்திருப்பவர் அறியாமலே அசைவார். குழி தாண்டிப் போய்விடும். திருகி வைத்தது குழியில் விழுந்தால், யாராவது இரும்பு ட்ராலியை நகர்த்தி எதிரொலிப் பாதையை மாற்றும்வரை அங்கேயே கிடக்கும். "நேத்து வேலை செஞ்சது, இன்னிக்குச் செய்யலை" என்ற புகாருக்குக் காரணம் நேற்று இரவு இடம் மாறிய ட்ராலியாகவும் இருக்கலாம். மோட்டாரையும் கரண்டையும் குறை சொல்வது வழக்கம். ஆனால் தையல் மோட்டார் எழுப்பும் மின் இரைச்சலின் பெரும்பகுதி வைஃபை அலைவரிசைக்கு வெகு கீழே அடங்கிவிடும்.

முடிவுரை

ஆய்வுகள் அனைத்தையும் ஒன்றாகப் பார்த்தால் தீர்ப்பு தெளிவு. வேகம் குறைந்த தொடர்புக்குப் பன்மை மட்டுமே போதும். வேகம் கூடினால் சமனாக்கம் தவிர்க்க முடியாதது. ஆனால் ஓட்டை விழுந்த இடத்தில் சமனாக்கம் மட்டும் எடுபடாது. இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும். சமனாக்கி ஏற்கெனவே ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்கிறது. அதற்கு மூச்சுவிட இடம் கொடுப்பது மட்டுமே நம் வேலை. பன்மைதான் நாம் காசு கொடுத்துக் கூட்ட வேண்டியது.

ஆகவே அடுத்த முறை நெட் நிற்கவில்லை என்ற புகார் வந்தால், பெரிய பெட்டிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள். ரூட்டரை ஆபீஸ் அறை பீரோவின் மேலிருந்து இறக்கி, ஷெட்டுக்குள் கொண்டுபோய், இரும்புச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள். கொம்புகளைப் பிரித்து ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அமைப்புப் பக்கத்தில் சேனல் அகலத்தை 20 ஆக்குங்கள்; குறுகிய காவல் இடைவெளியை அணைத்துவிடுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால், நான்கு ஆண்டெனா உள்ள கருவிகள் இரண்டை எதிரெதிர் முனைகளில் வைத்து, இரண்டுக்கும் நடுவே கேபிள் இழுங்கள். ஒரு ரீல் கேபிளின் விலை, ஒரு ஷிப்ட் ஸ்கேன் ஆகாமல் நின்றுபோகும் நஷ்டத்தைவிடக் குறைவு.